முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்க மறுத்த ஜெயசீலி டீச்சருக்கு

கனிவின் களஞ்சியமே! கண்டிப்பின் கனலே! முப்பத்து நான்கு ஆண்டுகள் நகரத்து ஃபேர்லேண்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் புதுச்சத்திரம் வந்து, மணியடித்த பிறகு ஒரு நாளும் வாசலுக்குள் நுழைந்தறியாத வணக்கத்துக்குரிய ஆசானே!

போதும், இந்த அடுக்கு இத்தோடு நிற்கட்டும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஆகவே இனி இந்தப் பிரிவுபசார மடல் உங்களை "டீச்சர்" என்று தள்ளி நிறுத்தியே பேசும். உங்கள் பொறுமையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுத வந்ததோ உங்கள் கோபம்.

நம் தொடக்கப் பள்ளியின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். காலை ஜெபத்தில் ஒரு பிள்ளை முன்னால் நின்று, பெரிய எழுத்து அச்சடித்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வார வசனத்தை வாசிக்கும். ஓர் ஆசிரியர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். மற்ற எல்லோரும் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொள்வோம். அந்தக் கண்மூடல்தான் எங்களைக் கெடுத்தது!

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்புச் சௌமியா கணீரென்று வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒரு குழந்தை இருமவே, டீச்சர் கண்ணைத் திறந்தார். சௌமியாவின் கையில் அட்டை தலைகீழாக இருந்தது. ஓர் எழுத்துப் பிசகாமல் வசனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்புக்குப் போனதும் டீச்சர் தமிழ்ப் பாடத்தைத் திறந்து நீட்டினார். சௌமியா பக்கத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"மொத வார்த்தைய எடுத்துக் குடுங்க டீச்சர், கடகடன்னு சொல்லிப்போடறேன்" என்றாள்.

டீச்சர் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மூடினார். கிறிஸ்துமஸ் விழாவில் இதே பெண்ணுக்குத்தான் வசனப் போட்டியில் முதல் பரிசைத் தம் கையாலேயே கொடுத்திருந்தார். மதியத்துக்குள் தம் வகுப்பின் முப்பத்தொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். சௌமியாவோடு சேர்த்து நால்வருக்குத் தம் பெயரைக்கூட வாசிக்கத் தெரியவில்லை. வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகப் போகிற பிள்ளைகள்!

தலைமையாசிரியர் தனசேகர் சாரிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு ஆய்வுக்கு வரவிருந்தது.

"அன்னிக்கு ஒரு நாள் அந்த நாலு பேரும் ஊட்டுலயே இருந்துக்கட்டுங்க டீச்சர். ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க கெட்ட பேரு?"

"எம் பேருக்கு என்னங்க சார் கேடு? நாலு பிள்ளைங்களக் கண்ணக் கட்டி அனுப்பிட்டு எனக்கு மாலை ஒண்ணு கேடா?" என்று டீச்சர் போட்ட சத்தம் சத்துணவுக்கூடம் வரை கேட்டது. அது நடந்த ஆசிரியர் அறையில் சக ஆசிரியர்களான நாங்களும் இருந்தோம். தலையைக் குனிந்து நோட்டுத் திருத்துகிற மாதிரி இருந்தோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் அட்டையைத் தூக்கி அலமாரிமேல் போட்டுவிட்டு, நால்வரையும் முன்பெஞ்சில் உட்காரவைத்து அவரவர் பெயரிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கே சார் நான்கு வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்.

புதன்கிழமை மாலை, கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிய கையோடு சௌமியாவின் அம்மா ராசாத்தி பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு என்ன சீக்குங்க? வெள்ளிக்கெழம அனுப்பாதீங்கன்னு போன் வந்துச்சு."

"சீக்கு பிள்ளைக்கு இல்ல சாமி, எங்களுக்குத்தான்" என்று டீச்சர் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

ராசாத்தி டீச்சருக்கு நேரே வந்து நின்றார். "வருசா வருசம் நல்லாப் படிக்கறாள்னு எழுதிக் குடுத்தீங்களேங்க! அந்தப் பரிசுக் காயிதத்தச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கறனுங்க. எனக்குத்தான் எழுத்து தெரியாது. படிக்கறாளா இல்லியான்னு உங்களுக்குமா தெரியல?"

அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். "வெள்ளிக்கிழமை அனுப்புங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை முழுதும் அந்தப் பிஞ்சு பட்ட பாடு! அவள் பெயரின் முதல் எழுத்தே மூன்று துண்டாக நிற்கிற எழுத்து. அழித்தாள், எழுதினாள், அழுதாள், மறுபடி எழுதினாள். மாலை மணி அடிக்கும்போது தன் பெயரும் அம்மா பெயரும் வாசித்துவிட்டாள். டீச்சர் ஓர் இடத்திலும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்ததால் நால்வரும் முன்பெஞ்சில் இருந்தார்கள். தனசேகர் சாரின் முகம் செத்துப்போயிற்று. பழக்கதோஷத்தில் சௌமியாவையே எழுப்பி, அலமாரிமேல் கிடந்த அட்டையை எடுத்து நீட்டினார். பிள்ளைகள் கண்ணை மூடப் போனார்கள்.

"யாரும் கண்ண மூடாதீங்க" என்றார் டீச்சர்.

சௌமியா அட்டையை மேசைமேல் வைத்தாள். "இது மனப்பாடமாச் சொல்லுவனுங்க சார். படிக்க வராதுங்க. எம்பேரும் எங்கம்மா பேரும்தான் படிப்பேன்" என்று சொல்லி, கரும்பலகையில் டீச்சர் எழுதி வைத்திருந்த இரண்டு பெயரையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் முதல் வகுப்பிலிருந்து தொடர்ந்து வருகிற மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து, "நன்கு வாசிக்கிறாள்" என்று தாமே எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, "வாசிக்கத் தெரியாது. என் தவறு" என்று எழுதிக் கையெழுத்திட்டு அவர்கள் முன் வைத்தார். அதனால்தான் இந்த மேடையில் நிர்வாகத்தின் பொன்னாடை இல்லை. பொன்னாடையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!

அதன்பின் ஆறு வாரம், மாலை ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குத்தான் டீச்சர் வீடு போனார். நால்வரும் இன்று தடுக்கித் தடுக்கிச் சின்ன வரிகள் வாசிக்கிறார்கள்.

நேர்மையின் நெருப்பே! எங்கள் தூக்கம் கலைத்த தூயவரே! முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை அந்தப் பதிவேட்டில் "நன்கு வாசிக்கிறாள்" என்று எழுதிய கைகள்தாம் இந்த மடலில் கையெழுத்திடுகின்றன: பூபதி, மஞ்சுளா, பிரபா, மயில்சாமி. எங்கள் வரிகளையும் நேற்றே சிவப்பு மையால் அடித்துவிட்டோம். தலைமையாசிரியரின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். அவர் போட்டாலும் போடாவிட்டாலும் நாளை இதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுவோம்.

வாழ்த்தி முடிக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. அதனால் கடைசி வரியைச் சௌமியா வாசிப்பாள். அது அவளுக்கு முன்கூட்டிக் காட்டப்படவில்லை. சபையோரே, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். அவள் நடுவில் திணறி நின்றால் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம்.

டீச்சர், நீங்க நூறு வயசு நல்லா இருங்க.