ஊர் அடுப்பின் முதல் முறை

"அநியாயம் மதாம், உங்களுக்குப் பச்சை அநியாயம் நடந்திருக்கு! சீட்டே குலுக்காம, ஊர்ப் பொது அடுப்புல ரொட்டி சுடற முதல் முறையைத் தூக்கி உங்க தலையில கட்டிட்டாங்க. நீங்க என்னடான்னா உக்காந்து சுள்ளி கட்டிக்கிட்டு இருக்கீங்க!"

சட்டம் படிக்கும் அப்போலின் விடுமுறைக்குச் சொந்த ஊரான மோந்தெரலுக்கு வந்திருந்தாள். சைக்கிளை வேலியில் சாய்த்ததும் சாய்க்காததுமாக ஆரம்பித்துவிட்டாள். குளிர்காலத்தில் லீல் நகரத்திலிருந்து வந்து மூலை வீட்டை வாங்கிய மதாம் வெர்மெர்ஷ், சிரித்துவிட்டு அடுத்த கட்டுக்குக் கயிறு எடுத்தார்.

"சிரிக்காதீங்க! மேயர் உங்க கையைப் பிடிச்சு, 'புதுசா வந்தவங்களுக்கு முதல் மரியாதை'ன்னாரே, ஊரே கை தட்டுச்சே... அது மரியாதையா? வருஷத்துக்கு ஒரு நாள் மூட்டற கல்லடுப்பு மதாம் அது, மத்த நாளெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். சூடேத்தறதுக்குள்ள ஒரு வண்டி விறகு சாம்பலாயிடும். யாரு விறகு? உங்க விறகு! அப்புறம் முதல்ல உள்ள போற ரொட்டி, அடியெல்லாம் கரி, நடுவுல பச்சை மாவு. யாரு போட்டாலும் அப்படித்தான். நடுவுல வர்றவங்களுக்குத்தான் பொன்னாட்டம் வேகும். கடைசி வீட்டுக்கு ஆப்பிள் வதங்கற சூடுதான் மிஞ்சும். அதனாலதான் தொப்பிக்குள்ள சீட்டுப் போட்டு எடுக்கறது. அதுதானே பாரம்பரியம்? 'பாரம்பரிய அடுப்பு'ன்னு செவத்துல பளபளன்னு ஒரு பலகை அடிச்சிருக்காங்களே, அதுவா? நீங்களே சொல்லுங்க... இல்ல இல்ல, நான் முடிச்சிடறேன்.

"பலகைன்னதும் ஞாபகம் வருது. பழைய அடுப்பைப் புதுப்பிச்சுத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினாங்க. மேயர் கத்தரிக்கோல் தேடறதுக்குள்ள எங்க சித்தப்பா ஆடு அதைத் தின்னுடுச்சு! விழாக் கமிட்டிக்காரங்க ஆட்டு மேல புகார் கொடுத்தாங்க. நான் விடுவேனா? வேலி போடாத கமிட்டி மேல பதில் புகார் கொடுத்தேன். ஆடு ஜெயிச்சுது. எதுக்குச் சொல்றேன்... ஆங், மேயர்!

"நேரா அவர்கிட்டயே போய்க் கேட்டேன் மதாம். மாட்டுக்குத் தீனி வச்சுக்கிட்டே சொல்றாரு, 'ஏன் பாப்பா, புதுசா குடிவந்தவங்களை எல்லாத்துலயும் முன்னுக்கு வைக்கணும்னு ஈஸ்டர் கூட்டத்துல தீர்மானம் கொண்டுவந்ததே நீதானே?'ங்கறாரு. ஆமா, நான்தான்! நல்ல தீர்மானம், இப்பவும் அதுக்காக வாதாடுவேன். பேச்சுல முன்னுக்கு, நாற்காலியில முன்னுக்கு! அடுப்பு என் நெனப்புலயே இல்லியே. தீர்மானத்தோட எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு அதோட நோக்கத்தை விட்டுட்டாங்க. கேட்டா, மாடு கூடத் தலையாட்டுதும்பாரு!

"சீட்டு விழுந்தா நல்ல முறை வரும்னு சொல்ல முடியாதுதான். வந்தாலும் தொல்லைதான். போன வருஷம் எங்கம்மாவுக்கு அருமையான முறை, நட்ட நடுவுல. ரொட்டி உப்பவே இல்ல, தட்டையாப் போச்சு. அவ்வளவு நல்ல சூட்டுல கூடவான்னு இன்னிக்கு வரைக்கும் கிண்டல் ஓயல. சித்தப்பா அதை டிராக்டர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு, 'அண்ணி, சரிவுல கூட வண்டி நகரல'ங்கறாரு! அம்மா அவருக்குக் காப்பி கொடுக்கறதையே நிறுத்திட்டாங்க. அதை விடுங்க, அது எங்க வீட்டுச் சண்டை. உங்க உரிமையைப் பத்திப் பேசுவோம்.

"சாயங்காலம் கூட்டம் இருக்கு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்... 'எனக்கு முதல் முறை வேண்டாம், எல்லாரையும் போலச் சீட்டு எடுக்கறேன்'னு. மீதியை நான் பாத்துக்கறேன். மேசையைத் தட்டிப் பேசுவேன். என்ன மதாம், இன்னும் சுள்ளியையே கட்டறீங்க? பயமா? நான் இருக்கேன்ல!"

அப்போலின் மூச்சு வாங்க நிறுத்தினாள். மதாம் வெர்மெர்ஷ் முடிச்சை இறுக்கிவிட்டு, தெருவில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல்ல யாரு போட்டாலும் கருகும்னு சொன்னியே, அது நிஜந்தானேம்மா? வெளிய சொல்லிடாத... நான் பிறந்ததுலேருந்து ஒரு ரொட்டி கூடச் சுட்டதில்ல. முதல் முறையே எனக்கு இருக்கட்டும்."