மரம் இன்னும் அடங்கல

இல்லப்பா, நான் இல்லேங்கவே இல்ல. போன வருசம் ஏரி உறையுறதுக்கு முந்தி துப்பாக்கியக் குடுத்த, இப்ப மறுபடி வாத்து வேட்டை சீசன் வாசல்ல வந்து நிக்குது. கோவப்படு, உனக்கு உரிமை இருக்கு. ஆனா உக்காந்துக்கிட்டு கோவப்படு, வெர்லின். அந்த ஸ்டூல் வேணாம், அதுல பசை காயுது. இதுல உக்காரு.

காபி? பழசுதான். எங்கிட்ட எது சீக்கிரம் புதுசாகுது.

உன் கூட்டாளி ஹார்லன் என்ன சொன்னானாம்? ஆர்லிஸ்கிட்ட துப்பாக்கி குடுக்கிறதும் ஏரியில போடுறதும் ஒண்ணுன்னா? ஏரி வத்துனாலாவது கைக்குக் கிடைக்கும்னா? நல்லாத்தான் சொல்லியிருக்கான். அவன் துப்பாக்கிய நான் முடிக்கிறதுக்குள்ள அவன் பேரனுக்கு மீசை முளைச்சிடுச்சு, அந்த வயித்தெரிச்சல்.

ஆனா நீ சொன்னதுதான் எனக்குப் பிடிக்கல. ஆமா, கேள்விப்பட்டேன். சர்ச்சுல மீன் விருந்து அன்னைக்கு உன் வீட்டுக்காரி மேவிஸ்தான் சொன்னா. துப்பாக்கிக்குத் தோள்ல வைக்கிற புதுக் கட்டை போட்டும் இந்த வருசம் ஒரு வாத்துகூட விழலேன்னா படகை வித்துட்டு வீட்டுல உக்காந்துடுவியாமே. நீ வீட்டுல உக்காந்தா அவ எங்க போறதுன்னு கேக்குறா, பாவம்.

சரி, கேளு. மரம் கல்லு இல்லப்பா. வால்நட் மரம் எவ்வளவு காஞ்சு வந்தாலும், ஒரு பக்கம் செதுக்குனா உள்ள இருக்கிற முறுக்கு வெளிய வரும். தூக்கத்துல புரளுற மாதிரி லேசா புரளும். அது புரண்டு அடங்குற வரைக்கும் அடுத்த உளி வைக்கக் கூடாது. வச்சா, ஜனவரி குளிருக்கு கட்டை ஒரு பக்கம் போகும், துப்பாக்கிக் குழல் ஒரு பக்கம் போகும். அப்புறம் இரும்பை மரத்துக்குள்ள உக்கார வைக்கணும். இரும்புல விளக்குக்கரி தடவி அழுத்தி எடுப்பேன். கரி ஒட்டுன எடத்துல ஒரு சீவு. மறுபடி கரி, மறுபடி சீவு. ஒரு சீவு கூடுதலா போச்சுன்னா போனதுதான், மரத்தை வெட்டலாம், திருப்பி வளக்க முடியுமா? சாயங்காலம் மூக்கைச் சிந்துனா மையா வருது எனக்கு. அதுக்கப்புறம் எண்ணெய். ஒரு பூச்சு, காயணும், தேய்க்கணும், இன்னொரு பூச்சு. புழுக்கமான நாள்ல பிசுபிசுன்னு நிக்கும், கொசு வந்து ஒட்டிக்கும். நம்ம ஊர்க் கொசு வேற, ரெக்கைய விரிச்சு ஒட்டுனா நீ சுட்ட வாத்துன்னே காட்டிக்கலாம்.

என்னது? ஏப்ரல்லயும் இதையேதான் சொன்னேனா? ஆமா, சொன்னேன். அதுவும் உண்மைதான், ஆனா வேற ஒருத்தர் துப்பாக்கியா இருந்தா கோடை வர்றதுக்கு முந்தியே வீட்டுக்குப் போயிருக்கும்.

உன் அளவுதான் என்னைப் படுத்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு காலித் துப்பாக்கிய தோளுக்குத் தூக்கச் சொன்னேன்ல, அப்புறம் திறக்கச் சொன்னேன். உன் கண்ணு குழலுக்கு மேல நடுவுல உக்காருதான்னு நான் எதிர்ல நின்னு பாத்தேன். மொத தடவை பாத்த அளவுக்குச் செதுக்கி வச்சேன். அடுத்து வந்தப்ப ஒரு விரக்கடை தள்ளியிருக்கு. கட்டைதான் வளைஞ்சுபோச்சுன்னு நெனச்சு, நல்ல மரம்ப்பா, அடுப்புக்கு வெட்டிட்டேன். ஜூன்ல வந்தப்ப இன்னும் தள்ளியிருக்கு. அப்பத்தான் உறைச்சுது. மரம் ஒண்ணும் புரளல. புரண்டது உன் தலை. வலது தோள்ல வச்சுக்கிட்டு கன்னத்தை கட்டைக்கு அந்தப் பக்கம் சாய்ச்சு, இடது கண்ணால எட்டி எட்டிப் பாக்குற.

எப்பலேர்ந்துப்பா வலது கண்ணு தெரியல?

சும்மா இரு, காபியக் குடி. எதிர்ல நிக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா. டாக்டர்கிட்டப் போனியா? போனியா, நல்லது. நடுவுல மட்டும் மங்கலா, ஓரத்துல தெரியுதா. ம். இன்னொரு கண்ணு நல்லாருக்குன்னாரா? அப்புறம் என்ன.

அன்னைக்கே கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தா துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு வேற ஆளைத் தேடிப் போயிருப்ப. அவனும் வலது தோளுக்கு அழகா, சீக்கிரமா செஞ்சு குடுத்திருப்பான். ஒரு வாத்தும் விழாம நீ படகை விக்க ஆள் பாத்திருப்ப. உன் வாயால வரட்டும்னுதான் மரம் அடங்கல, எண்ணெய் காயலன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நீ மட்டும் என்னவாம், இன்னும் ஆகலன்னதும் ஒவ்வொரு தடவையும் சந்தோசமாத்தான் திரும்பிப் போன.

இந்தா. காலிதான், நீயும் ஒரு தடவை தொறந்து பாத்துக்கோ. அந்தத் தோள் இல்லப்பா. இடது. கட்டைய இடது பக்கமா வளைச்சுத்தான் செதுக்கியிருக்கேன், ஆகஸ்ட்லயே முடிஞ்சுபோச்சு. ரெட்டைக் குழல்தானே, எந்தத் தோளுக்கும் ஒத்துக்கும். கண்ணை மூடு. தூக்கு. இப்பத் திற.

ம். நடுவுல இருக்கு.

மொதல்ல கோணலாத்தான் இருக்கும். சீசன் தொறக்கிற வரைக்கும் தினம் வீட்டுல தூக்கித் தூக்கிப் பழகு. ஹார்லன் ஏண்டா இடது பக்கம்னு கேப்பான். கண்ணு கதையெல்லாம் அவன்கிட்ட எதுக்கு? ஆர்லிஸ் பக்கத்தை மாத்தி செதுக்கித் தொலைச்சிட்டா, திருப்பிக் குடுத்தா இன்னொரு வருசம் இழுப்பா, அதான் நானே பழகிக்கிட்டேன்னு சொல்லு. மறுபேச்சு பேசாம நம்பிடுவான்.