முன்னறிவிப்பில்லாத ஒத்திகை

டப்பாவில் அடைத்த பட்டாணியை எல்லோரும் அநியாயமாகத் தூக்கிப் போடுகிறார்கள். டப்பா நசுங்காமல், துருப்பிடிக்காமல் இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. என் மனைவியிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் தேதியைப் பார்த்துவிட்டு நேராகக் குப்பைக்கூடைக்குத்தான் போவாள். நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் சார், எனக்கு ஆரம்பம் அந்தப் பட்டாணிதான். வேளை வரும்போது வேண்டியது கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். அதில் ஒரு தப்பும் இல்லையே.

பெயிண்ட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகப் பாதுகாப்பு அதிகாரி வேலை. தீ பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும், எங்கே வரிசையாக நிற்க வேண்டும் என்று ஒத்திகை நடத்துவது என் பொறுப்பு. முதல் சில வருஷங்கள் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் நடத்தினேன். ஜனங்கள் டீ கிளாசும் கையுமாக, ஊர்வலம் பார்க்கக் கிளம்பியது மாதிரி ஆடி அசைந்து வந்தார்கள். பிறகு ஒருநாள் நிஜமாகவே சைரன் அடித்தது. "ஒத்திகைதான், உட்காருப்பா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்கள். கலவை அறையில் இரண்டு பேருக்குக் கை வெந்துபோயிற்று. அன்றைக்கு ஒரு விதி போட்டேன்: ஒத்திகை என்று தெரிந்துவிட்டால் அது ஒத்திகையே இல்லை. நடக்கும்போதும் சொல்லக்கூடாது, முடிகிற வரைக்கும் சொல்லக்கூடாது. மேலிடத்தில் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. முந்தைய வீட்டுக்காரரின் மகன் டிரம்ஸ் பழகுவதற்காகச் சுவரெல்லாம் தடிமனான பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே வீட்டை விலை பேசி முடித்துவிட்டேன். கதவை இரும்பாக மாற்றினேன். ஓரத்தில் சின்னக் கழிப்பறை, நான்கு படுக்கைகள், தொண்ணூறு நாளுக்குத் தண்ணீர், அரிசி, பருப்பு, பிஸ்கட், மெழுகுவர்த்தி, பேட்டரி, முதலுதவிப் பெட்டி, அதற்குள் ஒரு கைப்புத்தகம். புத்தகத்தை வரி விடாமல் படித்து, முக்கியமான இடங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், தையல் வேலை செய்யும் என் மனைவி, ஒன்பது வயது மகள், பிறகு மச்சான். மச்சான் என் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் தேய்ந்து வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கிவிட்டார். கல்யாணம் கட்டிக்கொள்ளாத மனிதர். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் ஓயாது. நான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் போதும், சோபாவிலிருந்து குரல் வரும்.

"என்ன மாப்ள, உலகம் இன்னிக்கு அழியுதா, நாளைக்கா? நாளைக்குன்னா இந்தச் சட்டையைத் துவைக்கப் போடாம விட்டுடறேன்."

எனக்குக் கோபமே வராது. சிரித்துக்கொண்டு போய்விடுவேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தபோது தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து, நிலவறைப் படுக்கையில் குறட்டை விட்டுக் காட்டினார். அதற்கும் சிரித்தேன். மகளின் பிறந்தநாளுக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். மச்சான் என் புகை முகமூடியை மாட்டிக்கொண்டு, என் குரலிலேயே, "எல்லாரும் வரிசையில வாங்க, கேக்குக்குத் தேதி பார்த்தாச்சா, தள்ளாதீங்க, கேக் தொண்ணூறு நாளைக்கு வரணும்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தபடியே எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை நாள்காட்டியில் ஒரு புதன்கிழமையை வட்டமிட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மகளுக்குப் பள்ளி விடுமுறை ஆரம்பித்திருந்தது, இருபத்தொரு நாள் முழு ஒத்திகைக்கு அதுதான் தோது.

அந்தப் புதன்கிழமையைச் சொல்ல எனக்கு இன்னும் ஆசைதான், அவ்வளவு கச்சிதம். மின்சாரத்தை நிறுத்தினேன். தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்திருந்த இரண்டு புகைக் குண்டுகளைக் கொல்லைப்புறத்தில் பற்றவைத்தேன். கைச் சைரனைச் சுற்றிவிட்டு உள்ளே ஓடி, "ஆரம்பிச்சிடுச்சு, கீழ போங்க" என்றேன். மூன்று நிமிஷத்தில் எல்லோரும் கீழே. மச்சான் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். தலையணை எடுக்கவில்லை. கீழே போன் எடுக்காது. ரேடியோவின் ஆன்டெனாவை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் இரைச்சல் மட்டும்தான் வந்தது. நகரம் பற்றி எரிகிறது, ஆளுக்கு ஆள் வெட்டிக்கொள்கிறார்கள், காற்றிலும் ஏதோ கலந்திருக்கிறது என்றேன். முகமூடி ஒன்றுதான் இருந்தது. ஆகவே வெளியே போகிற ஒரே ஆள் நான். சாவி என் கழுத்தில்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி நேராக வேலைக்குப் போவேன். மதியம் கேன்டீனில் வயிறாரச் சாப்பாடு. சாயங்காலம் கொதிகலனுக்குப் பின்னால் போய்ச் சட்டையில் கொஞ்சம் கரி பூசிக்கொண்டு, ஆறு மணிக்கு நிலவறைக்குத் திரும்புவேன். "பேக்கரி போயிடுச்சு" என்று சொன்ன அன்று காலைகூட அங்கே நின்று சூடாக ஒரு பன் தின்றிருந்தேன். என் பங்கு பிஸ்கட்டில் மூன்றைக் கடித்துவிட்டு மீதியை மகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் கண்ணில் என்னைப் பற்றி அப்படியொரு மரியாதை. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கிடையாதே, பூங்காவில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பக்கத்து வீட்டு அம்மா கேட்டதற்கு, குடும்பம் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டார்கள். நல்ல மனுஷி.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்தப் பத்து நாளைப்போல எங்கள் வீடு என்றைக்கும் ஒற்றுமையாக இருந்ததில்லை. டிவி இல்லை, போன் இல்லை. மச்சான் மகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், அட்டைப் பெட்டியை வெட்டிப் பஸ் செய்து தந்தார். சாப்பாட்டில் தன் பங்கைக் கண்டும் காணாமல் அவள் தட்டில் தள்ளிவிடுவார். என் மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிழிந்த துணிகளைத் தைத்தாள். நான் படியிறங்கி வந்ததும் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். எந்த வீட்டில் சார் இப்படி நடக்கிறது?

பத்தாம் நாள் சாயங்காலம் மச்சானுக்கு வயிற்றுவலி. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு வலப்பக்கம் கீழே. வாந்தி, காய்ச்சல். என் மனைவி கைப்புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். குடல்வாலாக இருக்கலாம், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. அடியில் என் சிவப்புக் கோடு.

"எங்கயாவது ஒரு டாக்டர் உயிரோட இருப்பாருங்க. ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் பொய் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிஷம். வாசலில் ஆம்புலன்ஸைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு டாக்டர்கள் படியில் நின்று ஏதோ ஜோக்கடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினேன். உறையைப் பிரித்து எறிந்துவிட்டு, மாத்திரைகளைக் கரியில் கொஞ்சம் புரட்டி எடுத்துப் போய், "ஆஸ்பத்திரி தரைமட்டம், இடிபாட்டுல இதுதான் கிடைச்சுது" என்றேன். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக இவ்வளவு தூரம் உயிரைப் பணயம் வைத்தாயா மாப்ள என்றார்.

பதினான்காம் நாள் விடிகாலை, அன்றிரவு ஏற்றிய கடைசி மெழுகுவர்த்தி அணைவதற்கு முன்னால், அவர் மூச்சு நின்றது. என் மனைவி அழவில்லை. அண்ணனைத் தன் கையாலேயே மண்ணில் வைக்க வேண்டும், வெளியே விஷக்காற்றானாலும் பரவாயில்லை என்றாள். வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டாள். இதற்கு என் திட்டத்தில் இடமே இல்லை. இன்னும் ஏழு நாள் பாக்கியிருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கழுத்திலிருந்த சாவியை அவளே உருவினாள்.

நான் மேலே வருவதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். வெறுங்காலோடு நடுரோட்டில் நின்றாள். ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அம்மா எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஊர்லேர்ந்து வந்துட்டியாம்மா? ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்றார்.

என் மனைவி வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "இன்னிக்கு என்ன கிழமைக்கா?" என்று கேட்டாள்.

"செவ்வாய்தான்."

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. மகளையும் பார்க்க விடுவதில்லை. அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒத்திகை என்ற வகையில் பார்த்தால் குறையே இல்லை: யாரும் பதறவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை, பதினான்கு நாளும் ஒருவர்கூட விதியை மீறவில்லை. சாவு என்பது வேறு விஷயம். சாவு எல்லா வீட்டிலும் வருகிறது.

திங்கட்கிழமை காலை, அதாவது பதின்மூன்றாம் நாள், கதவைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருப்பார். அன்று காலை நான் கிளம்பும்போது மச்சானுக்கு வலி சட்டென்று விட்டிருந்தது. வலி இப்படித் திடீரென்று நின்றால் உள்ளே வெடித்துவிட்டது என்று அர்த்தம், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதே பக்கத்தில் அடுத்த வரி அது. அதற்கும் கோடு போட்டது நான்தான். தெரியாமல் விட்டுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், தெரியும். விதியை மீறக்கூடாதென்று விட்டேன் என்று இதுவரை உங்களிடம் மூன்று தடவை சொன்னேன், அதையும் அடித்துவிடுங்கள்.

அன்று காலை மச்சான் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ எவ்வளவோ சொன்னே மாப்ள. நான்தான் கோமாளி மாதிரி சிரிச்சேன். இன்னிக்கு இதுங்க ரெண்டும் உயிரோட இருக்குன்னா அது உன்னாலதான். என்னை மன்னிச்சிடு" என்றார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். சாவி என் கழுத்தில்தான் இருந்தது, பத்துப் படி ஏறினால் தெரு. திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், பிழைத்ததும் சிரித்திருப்பார்.