ஏழாம் கட்டில் தையல்காரம்மாவின் முட்டி

ஏழாம் கட்டில் தையல்காரம்மாவின் காலை என்னிடம் விடுங்கள் ஐயா!

"என்ன வேணும்னாலும் எழுதுடி, அவர்கிட்ட ஆபரேஷன் கேஸ் மட்டும் கேட்டுடாத" என்று மூன்று முறை சொல்லித்தான் தலைமைச் செவிலியர் அக்கா தங்கள் ஓய்வு விழா வாழ்த்து மடலுக்கான இந்தத் தாளை என் கையில் கொடுத்தார். கேட்டாகிவிட்டது. இனி முறைப்படி தொடங்குகிறேன்.

எலும்பின் முனையறிந்து, தசையின் தன்மையறிந்து, தோலின் தயக்கமும் அறிந்து தைக்கும் தகைசால் தலைவரே! காலை இழந்து வந்தவர்களின் ஆறாத புண்ணை முப்பத்திரண்டு ஆண்டுகளாக முகம் சுளிக்காமல் மோந்து பார்த்தே நாள் குறித்த மூக்குடையவரே! "இன்னும் கொஞ்சம் மேல வெட்டிடலாம்" என்று பிறர் தட்டிக்கழித்த கால்களில் கெட்ட சதையை நீக்கி, துருத்திய எலும்பை விரல்நுனி அளவே சீவி, பின்னங்கால் தசையை முன்னே மடித்துப் போர்த்தி, முட்டியை மீட்டுக் கொடுத்த மேன்மையே! "தோல இழுக்காதீங்கப்பா, அதுவா வந்து ஒக்காரணும்" என்ற தங்கள் வாக்கை இப்பிரிவில் தரை துடைப்பவரும் தூக்கத்தில் சொல்வார்.

தங்கள் பேனாவையும் போற்றுகிறோம்! தாங்கள் தோலில் நீலக் கோடு போடாமல் இங்கே எவரும் கத்தி வைத்ததில்லை. மகள் திருமணத்துக்குத் தாங்கள் விடுப்பில் போயிருந்த வாரம், பட்டம் பெற்ற எட்டு மருத்துவர்கள் ஒரு கோட்டுக்குக் காவல் இருந்தோம். அது அழிந்துவிடுமே என்று பயந்த வார்டு அண்ணன், போர்வைக்கு எண் போடும் மையால் அதன்மேல் அழுத்தி இழுத்துவிட்டார். தாங்கள் திரும்பி வந்து தைத்த புண் மூன்றே வாரத்தில் ஆறியது. மை ஐந்து மாதம் போகவில்லை. செயற்கைக்கால் செய்பவர் பார்த்துவிட்டு, "இது என்னங்க, பஸ் ரூட்டா?" என்றார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. "ஏழு வருஷமா அங்க என்னதான் பண்ற?" என்று என் அம்மா கேட்கிறாள். "ஐயா தைப்பாரு, நான் நூல் வெட்டுவேன்" என்றால், "அத நானே செய்வேனே!" என்கிறாள்.

தையல்காரம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடம் மூன்று மாதமாக மூடவில்லை. இன்று தாங்கள் தைப்பதாக இருந்தது. விழாவும் இன்றே என்றதும் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டீர்கள். நாளை பொறுப்பேற்பவரோ, முட்டிக்கு மேலே வெட்டுவதாக இப்போதே எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டி இருந்தா கட்டைக்கால் போட்டாவது மிஷின் மிதிச்சிருவேன் டாக்டரம்மா. அதுவும் போச்சுன்னா பட்டன் தச்சுத்தான் காலத்த ஓட்டணும்" என்றார். தங்களிடம் ஓடி வந்தேன். தாங்கள் நிமிரக்கூட இல்லை. "கடைசி நாள்ல எதுக்கும்மா வம்பு? உனக்கு இன்னும் கை வரல" என்றீர்கள். கை வர வேண்டுமானால் கையில் எதையாவது கொடுக்க வேண்டும் ஐயா!

ஆகவே, பண்பின் சிகரமே, முதல் வரியில் நான் கேட்டது மரியாதைக்காக. பட்டியலில் அவர் பெயரை மறுபடி எழுதியாகிவிட்டது. மயக்க மருத்துவர் சம்மதித்துவிட்டார். "நீங்களேவா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு நீலக் கோட்டையும் நானே போட்டுவிட்டேன். என் கை நடுங்கவில்லை. கூச்சம் தாங்காமல் காலை ஆட்டியது அவர்தான்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, வீட்டுக்குள்ளும் செருப்போடு நடந்து, நகம் வெட்டும்போதும் சதையில் படாமல், இரு கால்களோடும் நூறாண்டு நலமாக வாழ்க! இந்த மடலுக்குச் சட்டம் போட்டுத் தருவார்கள். மாட்டுவதும் மறைப்பதும் தங்கள் விருப்பம். தங்களுக்கு மாலை ஐந்து மணி வரை பணி இருக்கிறது, அறுவை அரங்கின் கதவும் திறந்தே இருக்கும்.

மற்ற ஏழு மருத்துவர்களும் செவிலியரும் ஊழியரும் இங்கேதான் இருக்கிறார்கள். கையொப்பத்தை அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை மேசையில் ஏற்றியிருப்பார்கள், நான் வருகிறேன்.