நான்கு வகைப் பரவாயில்லை

இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடங்கள் ஆகின்றன. முதுகு வலிக்கவில்லை. இந்த நகரத்து உணவகங்களில் பாதியைப் பற்றிக்கூட இப்படிச் சொல்ல முடியாது. தேநீர் கேட்காமலே வந்தது. கோப்பையின் விளிம்பு உடையாமல் இருந்தது. நீங்கள் காவல் நிலையத்துக்குப் பதிலாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தியிருந்தால் மூன்று நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

தட்டச்சு செய்த தாளைப் படித்துவிட்டேன். இரண்டு பக்கம், எழுத்துப்பிழை ஒன்றுதான். நான் கையெழுத்துப் போட்டால் மாஸ்டர் சிறைக்குப் போவார் என்கிறீர்கள். என் சித்தி அவர் கடையில் சிப்பி சூப் சாப்பிட்டு நான்காம் நாள் இறந்துபோனார். அதே சூப்பைச் சாப்பிட்ட வேறு ஏழு பேர் பிழைத்துக்கொண்டார்கள். இதுவரை எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிதான் இடிக்கிறது: ‘உணவு நன்றாக இருப்பதாக இறந்தவர் கூறினார்.’

சித்தி அப்படிக் கூறவில்லை. ‘பரவாயில்லை’ என்றுதான் கூறினார். சர்வரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மாஸ்டரும் அப்படித்தான். உங்கள் தட்டச்சர்தான் இடம் போதாமலோ பொறுமை போதாமலோ ‘நன்றாக’ என்று மாற்றிவிட்டார். நான் அறிவியல் படித்தவள். கேட்டதை விட்டுவிட்டு நினைத்ததை எழுதினால் எங்கள் ஆய்வகத்தில் நோட்டை முகத்தில் எறிவார்கள். அதனால் ஒரு திருத்தம் வேண்டும். அது புரிய முதலில் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘நாக்கு’ என்ற பெயரில் உணவகங்களைப் பற்றி எழுதுவது நான்தான். நீங்கள் படித்திருப்பதாகச் சொன்னீர்கள். நன்றி. எனக்கு மனிதர்களோடு பேசக் கூச்சம். ஓரமாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு மென்றால் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் வேறு கிடையாது.

இரண்டு வருடங்களுக்கு முன் எட்டு நாள் சளி பிடித்தது. சளி போனது, போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு போனால் நாக்கு பேருக்குத்தான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கு செய்கிற வேலை. ஆப்பிளும் ஆரஞ்சும் எனக்கு இப்போது வேறு வேறு அளவு ஈரமான இனிப்பு, அவ்வளவுதான்.

ஆசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘நாக்கு’ என்ற பெயருக்கு வேறு ஆள் பார்ப்பார். சாப்பாட்டைப் பற்றி எழுத முடியாததால் மற்றதைப் பற்றியெல்லாம் எழுதினேன். மாடியில் சுழலும் உணவகம் ஒன்று இருக்கிறதே, அது ஒரு சுற்றுச் சுற்ற ஐம்பத்தைந்து நிமிடம். சாப்பாடு வர ஒன்றே முக்கால் மணி நேரம். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை சந்தித்துவிட்டுப் பசியோடு இருந்தேன் என்று எழுதினேன். பெரிய ஓட்டல் ஒன்றில் சர்வர்கள் மேசை அருகே குனிந்து, அறுவைச் சிகிச்சை சரியாக வரவில்லை என்று சொல்லப்போகிற மருத்துவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு வாத்து இல்லை என்பதுதான் செய்தி. நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு கடையில் வெளிச்சம் எவ்வளவு குறைவு என்றால், எதிரில் இருந்தவர் என் உருளைக்கிழங்கைத் தின்றார், நான் அவருடையதைத் தின்றேன், இருவரும் திருப்தியாகப் போனோம். பேருந்து நிலையத்துக் கடையில் ஒரே கையில் ஐந்து கிண்ணம் கொண்டுவருகிற ஒருவர் இருக்கிறார். ஐந்திலும் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக ஒரே ஆழத்துக்கு முங்கியிருக்கும். அந்தத் துல்லியத்தை நான் மனதாரப் பாராட்டினேன்.

ஆசிரியர் கூப்பிட்டு, “இப்பதாம்மா உன் எழுத்துல ருசி வந்திருக்கு” என்றார். வாசகர் கடிதம் மூன்று மடங்கானது.

இருந்தாலும் கட்டுரைக்கு ஒரு வரியாவது ருசியைப் பற்றி வேண்டும். அதற்குத்தான் சித்தி. அம்மாவின் தங்கை. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவர். பேருந்து நிறுவனத்தின் பயணச்சீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டவர். தட்டில் எதையும் மிச்சம் வைக்கத் தெரியாது. மோப்பம் போன விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சித்தியை எதிரில் உட்காரவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல். எதைக் கேட்டாலும் சித்தியிடம் ஒரே பதில்தான்.

பரவாயில்லை. வீடு ஒழுகினாலும் பரவாயில்லை, ஓய்வூதியம் வந்தாலும் பரவாயில்லை. எவரையும் எதையும் குறை சொல்லாமல் வாழ்ந்துவிட அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதனால் அதை வகைப்படுத்தினேன். மூன்று மாதம் குறிப்பெடுத்தேன். அடுத்த கவளத்துக்குக் கை போய்க்கொண்டிருக்கும்போதே, என்னைப் பார்க்காமல், “பரவால்ல” என்று வந்தால் நன்றாக இருக்கிறது. நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னால் சுமார். தண்ணீர் குடித்துவிட்டு, “பரவால்ல, விடு” என்றால் வாயில் வைக்க முடியவில்லை. நான்காவது மிக அரிது. “பரவால்லயே” என்று கடைசியில் ஒரு ஏகாரம் நீளும். இரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். அந்த ஏகாரத்தை நம்பி ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைகள் இரண்டிலும் இன்றைக்கும் வரிசை நிற்கிறது. என் முறையில் பிழை இருந்ததில்லை.

மாஸ்டரின் கடை அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பன்னிரண்டு மேசை. நான் முதலில் போன அன்று சித்தி பல் பிடுங்கியிருந்ததால் வரவில்லை. தனியாகச் சாப்பிட்டேன், கடைசியில் பால் இனிப்பு வந்தது, அதையும் சாப்பிட்டேன். என் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, பாலின் மணம் மனதை வருடியது என்று முடித்தேன். ருசி பற்றிய வரியை ஊகித்து எழுதியது அந்த ஒரு முறைதான்.

அடுத்த முறை சித்தியோடு போனபோது, அவர் கை கழுவப் போன நேரத்தில் மாஸ்டர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும், பெரிய வயிறு, சின்னக் குரல்.

“தங்கச்சி, அந்த ‘நாக்கு’ நீங்கதானே? அட்டை வெச்ச மேசை இங்க இது ஒண்ணுதான்.”

நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன்.

“அன்னிக்குப் பால் அடிப்பிடிச்சுப் போச்சு. பதினோரு மேசையிலயும் மூக்கைப் பொத்திக்கிட்டுத் திருப்பி அனுப்பினாங்க. நீங்க மட்டும் கிண்ணத்தை வழிச்சு வெச்சிருந்தீங்க.” குரலை இன்னும் தணித்தார். “எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு. கஷ்டம்தான். நான் யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன். வேணும்னா என்ன மணம்னு துண்டுச்சீட்டுல எழுதித் தட்டோட அனுப்பறேன்.”

அவர் கேலி செய்யவில்லை. மிரட்டவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எதுவுமே கேட்காத ஆளிடம் ஒரு ரகசியத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். சிரித்தார். நல்ல மனுஷனாத்தான் தெரியறார், விட்டுத் தள்ளு என்றார். நான் அன்றிலிருந்து பத்தொன்பது நாள் சரியாகத் தூங்கவில்லை. அவர் அண்ணனிடம் சொல்லியிருப்பார். அண்ணன் மனைவியிடம் சொல்லியிருப்பார். ‘நாக்கு’க்கு மூக்கு இல்லை என்பது யார் காதில் விழுந்தாலும் சிரிப்பு வருகிற செய்தி. நானே எழுதினால்கூட நன்றாக எழுதுவேன்.

இருபதாம் நாள் மதியம் சித்தியோடு மறுபடி போனேன். சீட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லத்தான் போனேன். அவர் வாசலில் சர்வரோடு நின்றுகொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

“இன்னிக்கு நானும் உங்க கட்சிதான் தங்கச்சி. சளி. ஒரு மணமும் தெரியல” என்றார்.

பக்கத்தில் நின்ற சர்வர் சிரித்தார். முதலாளியின் மூக்கைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். ஒரு நிகழ்வுக்கு இரண்டு காரணம் இருந்தால் எளிமையானதை எடுத்துக்கொள் என்று படித்திருக்கிறேன். அன்றைக்கு நான் மற்றதை எடுத்துக்கொண்டேன்.

சித்தி சிப்பி சூப் கேட்டார். நான் ரொட்டி கேட்டேன். சூப் வந்தது. கிண்ணத்தில் பன்னிரண்டு சிப்பிகள். ஏழு மூடியிருந்தன. உயிரோடு பானைக்குள் போன சிப்பி கொதித்ததும் வாயைத் திறக்கும். திறக்காததைச் சந்தேகப்பட வேண்டும், ஒதுக்க வேண்டும். எனக்கு மோப்பம்தான் இல்லை, எண்ணத் தெரியும். குளிர்பதனப் பெட்டி அதற்கு முந்தைய நாளே செத்துவிட்டது, உள்ளே விளக்கு மட்டும் எரிந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் பிறகு கண்டுபிடித்தீர்கள். தெரிந்திருக்க வேண்டிய மூக்கு ஒன்றுதான் அந்தச் சமையலறையில் இருந்தது, அது அடைத்துக்கொண்டிருந்தது.

சீல் வைத்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் வயிறு கெட்டுப் புகார் கொடுத்தால் போதும். அதிகாரிகள் வருவார்கள், கதவில் தாள் ஒட்டுவார்கள். ஒரு மாதத்தில் அந்தத் தெருவுக்குப் போகிற வழியே ஊருக்கு மறந்துவிடும். அப்படிப்பட்ட கடைக்காரர் ஒரு விமர்சகரைப் பற்றி என்ன சொன்னாலும் வயிற்றெரிச்சல் என்பார்கள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, ஒரு புகார், ஒரு தாள். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். மற்ற மேசைகளுக்கும் சூப் போய்க்கொண்டிருந்தது. எண்ணிக்கை கூடினால் புகாருக்கு நம்பகத்தன்மை கூடும் என்று அப்போது தோன்றியது.

சித்தி நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் மாஸ்டர் வந்து குனிந்து கேட்டார்.

“எப்படிக்கா இருக்கு?”

“பரவால்லப்பா.”

இதுதான் தாளில் இருக்க வேண்டிய சொல். அதை எப்படிச் சொன்னார் என்று காலையில் கேட்டீர்கள். சரியாகக் காதில் விழவில்லை என்றேன். அது பொய். நன்றாக விழுந்தது. என் நான்கு வகையில் எதிலும் அது சேராது. சித்தி தண்ணீர் குடிக்கவில்லை, அடுத்த கவளத்துக்குக் கை போகவில்லை, மாஸ்டரைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது சூப்பைப் பற்றியதே இல்லை. பிறகு கிண்ணத்தை எடுத்து மீதியைக் குடித்து முடித்தார். கிண்ணம் காலியாக இருந்ததாகச் சர்வர் சொன்னது சரி.

மருத்துவமனையில் மூன்று நாளும் பக்கத்தில் இருந்தேன். பாசத்தில் நான் குறை வைக்கவில்லை, நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வயதானவர் சொன்ன ஒரு சொல்லை வீட்டுப் பெண் தவறாகப் புரிந்துகொண்டாள், அதனால் வந்த விபத்து என்றுதான் இந்தப் பதினோரு நாளும் எனக்கு நானே சொல்லிவருகிறேன். தாளில் ‘நன்றாக’ என்று இருப்பதைப் பார்த்தபோதுதான், இவ்வளவு வசதியான ஒரு பொய்யில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

திருத்தம் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்டர் வருவதற்கு முன்னால், முதல் வாயிலேயே, சித்தி கரண்டியைக் கீழே வைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒரு சாப்பாட்டைக் குறை சொன்னார்.

“இது கெட்டுப் போயிருக்குடி. அவங்ககிட்டச் சொல்லிடு, வேற யாரும் சாப்பிட்டுடப் போறாங்க.”

“தெரியும் சித்தி” என்றேன். “நீங்க சாப்பிடுங்க.”