வயிற்று வலிக்குக் கண்ணைக் கேட்ட மருத்துவர்

தேனியிலிருந்து கம்பம் திரும்பும் பேருந்தில், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குச் செல்லும் பெண்கள் இருவர் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

“வயித்தப் புடிச்சு இழுக்குதுன்னு போனா, கண்ணு எப்படின்னு கேக்குறாக டாக்டரு, மதினி!”

“கண்ணுக்கும் குடலுக்கும் என்னடி?”

“கண்ணுல அழுத்தம்னு சொட்டு மருந்து விடுறேன்ல? வயித்து வலிக்குன்னு நீங்க குடுத்த மாத்திரை அந்த அழுத்தத்த ஏத்திருமாம். பார்வைக்கே மோசமாம்.”

மதினி பதறினார். “ஆத்தாடி! எனக்குக் கேட்டுச்சேன்னுதானே குடுத்தேன்!”

“நான் இன்னும் முழுங்கல. காட்டிட்டுப் போடுவோம்னு வச்சிருந்தேன். கண்ணுக்குத் தொந்தரவில்லாத வேற மாத்திரை எழுதிருக்காக. சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும். கேக்கலைன்னா திரும்ப வரச் சொன்னாக.”

“அப்ப தோட்டத்துக்கு வருவியா?”

“வலி அடங்கட்டும், வாரேன். வயித்தப் புடிச்சா பாதி மலையில தோட்டத்து ஜீப்ப நிறுத்தி எறங்குறதுக்குத்தான் எனக்கு ஓரச் சீட்டு. இனிமே நடுவுலயே எடம் போடுங்க.”