அலமாரிக்குள் சூசை

"நீதான்மா மேல ஃபைலத் தொறந்து வெச்சிட்டு மறந்துட்டு வந்துகீற."

"தொறக்கவே முடியலன்னுதானேடா உன்னக் கூப்ட்டேன், அப்புறம் நான் எப்டிடா தொறந்து வெச்சி..."

"வேற யாரோ தொறந்து வெச்சிகிறாங்கன்னு அதுவே சொல்லுதும்மா, நானா சொல்றேன்..."

"யாருடா அந்த வேற யாரு? இப்ப இந்த ஊட்ல நானும் அண்ணியும்தான். அண்ணி சட்னி அரைக்கிறாங்க. பேயா வந்து தொறந்துச்சி?"

நான் உண்மையிலேயே சட்னிதான் அரைத்துக்கொண்டிருந்தேன், ஃபாதர். காட்டுப்பாக்கத்தில் நல்ல தேங்காய் கிடைப்பது இப்போது அபூர்வம், அன்றைக்குக் கிடைத்திருந்தது. முதலில் காபியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நீங்கள் கேட்டதால் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

என் நாத்தனார் ஆக்னஸை உங்களுக்குத் தெரியும். அவள் மாடியில், நானும் என் மகள் ஸ்டெஃபியும் கீழே. நம் பங்கு மக்களுக்காக நானும் ஆக்னஸும் பன்னிரண்டு ஆண்டுகளாக வரன் பதிவு நடத்துகிறோம். இதுவரை நூற்று நாற்பத்து மூன்று கல்யாணம். ஒரு பைசா வாங்கியதில்லை, கல்யாணச் சாப்பாட்டைத் தவிர. பெண்கள், பையன்கள் எல்லாருடைய விவரமும் ஒரே ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் ஹாலில் இருக்கும் என் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆக்னஸ் மாடியிலிருந்து தன் கம்ப்யூட்டர் வழியாக அதைத் திறந்து எழுதுவாள். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் அவள் மகன் ரூபஸ். திருமழிசையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றான். புனிதர்கள் இருக்க வேறு பெயர் எதற்கு என்றாள் ஆக்னஸ். ஹாலில் இருப்பது அந்தோணி. மாடியில் இருப்பது ரீத்தா. என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது, அது சூசை.

சூசை ஒரு பக்கம் உப்பிப்போய்ச் சூடாகிக்கொண்டிருந்ததால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். பதிலுக்குக் கொடுத்தார் என்று ஒரு பச்சை பக்கெட்டையும் காட்டினேன். பக்கெட்டைப் பூந்தமல்லியில் நானே வாங்கினேன். சூசை என் அறையில், அலமாரிக்குள் இருந்தது.

வந்த சிக்கல் இதுதான். வருகிற ஞாயிறு நம் பங்கில் வரன் அறிமுகக் கூட்டம் இருக்கிறதல்லவா, அதற்குப் பட்டியல் அச்செடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மணமானவர்களை எல்லாம் ஒருமுறை வரிசையாகப் பார்த்து நீக்கிவிடலாம் என்றாள் ஆக்னஸ். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வரிசையில் ஒரு வரியை அவள் பார்க்கக் கூடாது. அந்த ஒரே ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும்.

ரூபஸ் ஒருநாள் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தான். "அத்த, இந்த வழியா மட்டும் தொறக்காதீங்க. இப்டித் தொறந்தா உங்களத் தவிர வேற யாராலயும் உள்ள வர முடியாது." என்னை இருபத்திரண்டு வருடம் ஆபீஸில் டைப் அடித்த கிழவி என்றுதான் நினைத்திருப்பான். நான் அதைச் சமையல் குறிப்பு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், மீன் குழம்புக்கும் அடைக்கும் நடுவில்.

மூன்று சனிக்கிழமைகள், ஃபாதர். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. அந்த மூன்று சனிக்கிழமைகளைப் போல நான் எப்போது சந்தோஷமாக இருந்தேன் என்று ஞாபகமில்லை. முதல் வாரம் ரூபஸ் கேபிளை மாற்றினான். இரண்டாம் வாரம் யார் யார் உள்ளே வரலாம் என்கிற அனுமதியை எல்லாம் கலைத்துப் புதிதாகப் போட்டான், பாஸ்வேர்டை மாற்றினான், அதை ஆக்னஸ் மறந்தாள், திரும்பவும் மாற்றினான். அந்தோணியை அணைத்துப் போடுவான். உடனே ரீத்தாவில் ஃபைல் திறக்கும். மேலிருந்து ஆக்னஸ் தோத்திரம் சொல்வாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லி ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று அறைக்குப் போவேன். ஆக்னஸ் ஃபைலை மூடிவிட்டுத் தாள் எடுக்கவோ, சர்க்கரை மாத்திரை போடவோ போகிற நேரம் பார்த்து சூசையில் திறந்துவிடுவேன். அவள் வந்து உட்கார்ந்தால் கதவு சாத்தியிருக்கும். "அண்ணி ஜெபம் பண்ணாலே இது ரிப்பேராவுது" என்று ஆக்னஸே ஒருநாள் சொன்னாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தேன். சின்ன வயதில் மாங்காய் அடித்துவிட்டு ஒளிந்திருக்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

அந்த வரியைத்தானே கேட்கிறீர்கள். பதிவு எண் ஐம்பத்தெட்டு. ஸ்டெஃபி.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைப் பதியச் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது. "சமையல் தெரியும்னு போடாதம்மா, மாட்டிப்பேன்" என்று சிரித்தாள். எல்லாம் சொன்னபடியே அடித்தேன். உயரம், படிப்பு, பாட்டுக் குழு. பிறகு அவள் குளிக்கப் போனாள். நான் ஒரே ஒரு கட்டத்தில் 'மணமாகாதவர்' என்று இருந்ததை 'மணமானவர்' என்று மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. வரன் கேட்டு வருகிறவர்களுக்கு அச்செடுக்கும்போது மணமானவர்கள் வர மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டெஃபி பெயர் ஏன் காணோம் என்று ஆக்னஸ் ஒருமுறை கேட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே அழுகிறாள், அவளிடம் கேட்டுவிடாதே என்றேன். ஆக்னஸுக்கு இளகின மனசு. அதோடு விட்டுவிட்டாள்.

என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. அவளைப் பற்றித்தான் யோசித்தேன். அவள் அப்பா இறந்துபோன வருடம் அது. முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதில் அவள் கைக்கு ஒரு பக்குவம் உண்டு. அந்தக் கையைப் போய் யார் வீட்டுக்கோ பாத்திரம் தேய்க்க அனுப்புவதா? நூற்று நாற்பத்து மூன்று கல்யாணம் செய்துவைத்தவள் நான். அதில் எத்தனை பெண்கள் என் ஹாலில் வந்து அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கேட்டு வந்தவர்கள் பத்தொன்பது பேர். கோயிலில் பார்த்துவிட்டு, இரண்டாவது வரிசையில் பாடுகிற பெண் யார் என்று போன் செய்வார்கள். அவளுக்கு ஆகிவிட்டது என்று சொல்லி வேறு நல்ல இடமாகக் காட்டுவேன். யாரையும் வெறும் கையோடு அனுப்பியதில்லை. பதினான்கு பேருக்கு நானே முடித்துவைத்தேன். அந்த நூற்று நாற்பத்து மூன்றில் அவையும் சேர்த்தி.

பூந்தமல்லியில் கணக்கு வாத்தியார் இக்னேஷியஸ், உங்களுக்கே தெரியும், அவரும் அதில் ஒருவர். இரண்டு முறை போன் செய்தார். அப்படியாம்மா, சரிம்மா என்று மெதுவாக வைத்தார். திருமழிசையில் ஒரு பெண்ணைக் காட்டினேன். அந்தக் கல்யாணப் பூசையில் ஸ்டெஃபிதான் பாடினாள், எவ்வளவு அழகாகப் பாடினாள். வீட்டுக்கு வந்து, கல்யாணப் பிரியாணி காரம், ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றாள்.

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேட்பாள். இந்த வருஷமும் ஒன்றும் வரவில்லை பாப்பா என்பேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாள் ஜெபத்துக்குப் போனாள். மெழுகுவத்தி வாங்கிக்கொடுத்து நானும் கூடவே போனேன். நடுவில் ஒரு வருடம் முகத்துக்கு என்னென்னவோ பூசிக்கொண்டு திரிந்தாள், பார்க்கவே சிரிப்பாக இருக்கும். தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அது பொய்யில்லையே.

மூன்றாவது சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தச் சண்டை. பேயா திறந்தது என்று ஆக்னஸ் கேட்டதும் ரூபஸ் அந்தோணியின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். இந்தப் பெட்டிக்குள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு பட்டியல் அதிலேயே உண்டாம். அது எனக்குத் தெரியாது. அவன் அதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"உள்ள கீறது சூசை" என்றான்.

ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "அதத்தான் அண்ணி பழைய சாமான்ல போட்டாங்களேடா."

"போட்டது நெஜம்னா, அந்தாளு நம்ம வைஃபை எட்ற தூரத்துலதான் குடியிருக்கணும்."

நல்ல பதில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஃபாதர். அடக்கப் பார்த்தேன்; கரண்டி கீழே விழுந்தது. ரூபஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து என் அறைக்குப் போய், சுவரிலிருந்து அலமாரிக் கதவுக்கடியில் போகும் ஒயரைப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒன்றாக, ஸ்டெஃபி கல்யாணத்துக்கென்று நான் எட்டுப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறேன். நாலு கீழே, நாலு மேலே, நடுவில் சூசை. திறந்ததும் ஐம்பத்தெட்டாம் பதிவுதான் திரையில் நின்றது. அடிக்கடி அதைப் பார்த்துக்கொள்வேன். பார்த்தால் மனசுக்கு ஒரு நிம்மதி.

ஆக்னஸ் வாய்விட்டுப் படித்தாள். ஆபீஸிலிருந்து வந்த ஸ்டெஃபி, கையில் ஹெல்மெட்டோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றுதான் கேட்டாள். "இக்னேஷியஸ் கேட்டாராம்மா?"

"ரெண்டு வாட்டி கேட்டாரு. நல்ல மனுஷன்" என்றேன். எப்போதும் உள்ளதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஹெல்மெட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு மாடி ஏறினாள். இன்றோடு மூன்று நாள். ஆக்னஸ் மட்டும் இறங்கி வந்து அவள் துணிகளை எடுத்துப்போகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. சூசையை ரூபஸ் கொண்டுபோய்விட்டான். அந்தோணியைக் கொண்டுபோக அவனுக்குத் தோன்றவில்லை.

அதனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. தவறு என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்களே என்று, இன்று காலையில் ஐம்பத்தெட்டாம் பதிவைத் திறந்து நானே திருத்திவிட்டேன். இப்போது அதில் 'மணமாகாதவர்' என்றுதான் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் 'வரன் தேவையில்லை' என்று போட்டிருக்கிறேன். அவள் யாரையும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதற்கு வேறு என்ன அர்த்தம், சொல்லுங்கள். பிள்ளையின் மனசு பெற்றவளுக்குத்தானே தெரியும்.

கிளம்புகிறீர்களா. காபியைத் தொடவே இல்லையே. வாசற்படியில் பார்த்து இறங்குங்கள், ஒரு கல் ஆடும். நானும் படிக்கட்டு வரைக்கும் வருகிறேன், அவளைக் கூப்பிட வேண்டும்.

"பாப்பா, ரசம் சூடா கீது, எறங்கி வா. காலு வேற வலிக்குது, அந்தத் தைலத்த எங்க வெச்ச?"